கச்சான் காலத்தில் விலகும் சீலிங் பலகை: பொருத்தின் குறையா, மரத்தின் குறையா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியில் கட்டிய புதுவீட்டின் மண்டபத்துக்குக் கடந்த தை மாதம் ஆறு அங்குலத் தேக்குப் பலகையில் ஓர் ஓரத்தில் துருத்தும் நாக்கும், மற்ற ஓரத்தில் அது நுழையும் காடியும் எடுத்துச் சீலிங் அடித்தீர்கள். அடித்து முடிந்த பிறகு கீழிருந்து வார்ணிஷ் பூசினீர்கள். இப்போது கச்சான் காற்று வீசும் ஆவணியில், பெரும்பாலான பொருத்துகள் ஒரே பலகைபோல இறுகியிருக்க, சில இடங்களில் மட்டும் பலகை விலகி, அவற்றுள் இரண்டில் கூரையின் வெளிச்சம் தெரிகிறது. "மாரி வந்தால் தானாக மூடும்" என்கிறார் தச்சுவேலை செய்த ஓடாவியார். வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ, பொருத்துக்குள் பசை போடாமல் விட்டதுதான் பிழை, இப்போதாவது பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்துவிடுங்கள் என்கிறார். மேல்மாடி அறைக்கு அடிக்கவிருக்கும் பலகைத் தளத்துக்கும் இதே பொருத்தை நம்பலாமா, அல்லது பிளாஸ்டிக் பனல், லெமினேற் போன்றவற்றுக்கு மாறிவிடலாமா என்பது உங்கள் அடுத்த கேள்வி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பலகையும் பலகையும் கவ்விக்கொள்ளும் இந்தப் பொருத்து எந்த வேலைக்காக இருக்கிறது? அது தெளிவானால் பசை போடுவதா, அடைப்பதா, காத்திருப்பதா என்பது தானே முடிவாகிவிடும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடத்துறை படித்து, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டு வேலைகளை நீண்டகாலம் மேற்பார்வை செய்தவன். மரம் ஈரத்துக்கு எப்படி நடந்துகொள்ளும், இந்தப் பொருத்து எவ்வளவு அசைவைத் தாங்கும் என்பன அளந்து அறியப்பட்ட விடயங்கள். அவற்றை உறுதியாகச் சொல்வேன். உங்கள் பலகை அடித்த நாளில் எவ்வளவு உலர்ந்திருந்தது, ஆணி எங்கே இறங்கியிருக்கிறது என்பவற்றை உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கும் இடத்திலெல்லாம், நீங்களே ஏணி வைத்து ஏறிச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாக்குக் காடிப் பொருத்து பலகைகளைக் கட்டிப்போடுவதற்காக ஏற்பட்டதல்ல. அதற்கு மூன்று வேலைகள் உண்டு. அடுத்தடுத்த பலகைகளின் முகங்களை ஒரே மட்டத்தில் நிறுத்துவது ஒன்று. தளமாக இருந்தால், ஒரு பலகையின்மேல் விழும் பாரத்தைப் பக்கத்துப் பலகைக்கும் கடத்துவது இன்னொன்று. மூன்றாவது, பலகை சுருங்கி இடைவெளி விழும்போது அந்த இடைவெளிக்குப் பின்னால் நாக்கு நின்று வெளிச்சத்தையும் தூசியையும் மறைப்பது. கூரை ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல, இங்கே நாக்கு காடிக்குள் ஏறி நிற்கிறது. ஓடுகளைப் போலவே இவையும் ஒட்டப்படாமல் இருப்பதால்தான் வேலை செய்கின்றன. நாக்கின் தடிப்பு பலகையின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இருக்கும். நாக்கின் நீளம் 6 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. காடியின் ஆழம் நாக்கின் நீளத்தைவிட ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கின் நுனி காடியின் அடியில் முட்டிக்கொண்டு பலகைகளின் முகங்கள் ஒன்றோடொன்று சேரவிடாது. ஒரு காலத்தில் நாக்குக்கு ஒரு சீவுளி, காடிக்கு ஒரு சீவுளி என்று சோடியாக வைத்துக் கையாலேயே இதைச் சீவினார்கள். அமெரிக்காவில் வில்லியம் வூட்வேர்த் 1828இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பலகையைச் சீவி, நாக்கும் காடியும் எடுக்கும் வேலைகளைச் சேர்த்துச் செய்தது. இன்று மரக்காலையில் நீங்கள் வாங்கும் பலகை அதே வழிவந்த இயந்திரத்தில் வருகிறது. இயந்திரம் மாறியதே தவிர, பொருத்தின் நோக்கம் மாறவில்லை.

இனி மரத்தின் அசைவைப் பார்ப்போம். மரம் நெட்டுவாக்கில் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அசையும். பச்சை மரத்தில் நார்களின் உட்குழாய்களில் நிற்கும் நீர் வெளியேறும்வரை அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 முதல் 30 வீதத்துக்குக் கீழே இறங்கி, நார்ச் சுவர்களில் உள்ள நீர் வெளியேறத் தொடங்கும்போதே சுருக்கம் தொடங்குகிறது. அந்த இடத்திலிருந்து முற்றாக உலரும்வரை தேக்கு, மரத்தின் ஆண்டு வளையங்கள் ஓடும் திசையில் 5 முதல் 6 வீதம்வரையும், வளையங்களுக்குக் குறுக்கான திசையில் அதில் பாதியளவும் சுருங்கும். மற்ற மரங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது குறைவு. தேக்குக்கு இருக்கும் நற்பெயரில் பாதி இதனால் வந்தது. ஆனாலும் சுருங்காத மரம் என்று ஒன்றில்லை. நம் ஊர்களில் அரிந்து வரும் பலகைகளில் பெரும்பாலானவை வளையத்தின் போக்கிலேயே அகலம் கிடைக்கும்படி அரியப்பட்டவை. அத்தகைய தேக்குப் பலகை, ஈரத்தில் ஒவ்வொரு 1 வீத மாற்றத்துக்கும் அகலத்தில் 0.19 வீதமளவு மாறும்.

பலகை எவ்வளவு ஈரத்தில் நிலைகொள்ளும் என்பதைச் சுற்றியுள்ள காற்று தீர்மானிக்கிறது. வெப்பநிலை 30 பாகை அளவில் இருக்கும்போது, காற்றின் ஈரப்பதன் 85 வீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 17 வீதமளவில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதன் 60 வீதமானால் 11 வீதமளவுக்கு இறங்கும். நமது கிழக்குக் கரையில் ஐப்பசி கடைசியிலிருந்து தைவரை வடகீழ்ப் பருவமழையும் வாடையும். வைகாசியிலிருந்து ஆவணிவரை மேற்கே மலையைத் தாண்டி இறங்கி வரும் கச்சான். அந்தக் காற்று சூடாகவும் வறண்டும் வருவதால், கொடியில் போட்ட சேலை அரைமணி நேரத்தில் காய்கிறது. பலகையும் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. சீலிங்குக்கு மேலே கூரைச் சீற் இருந்தால் பகலில் அந்த இடம் இன்னும் சூடாகும். ஆகவே தையில் 17 வீதத்தில் அடித்த பலகை ஆவணியில் 11 வீதமளவுக்கு இறங்கியிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீற்றர் அகலமுள்ள பலகைக்கு 6 வீத மாற்றம் என்றால் 1.7 மில்லிமீற்றர் சுருக்கம். இது ஒழுங்காக உலர்த்திய மரத்தின் கணக்கு. மரக்காலையிலிருந்து அரைகுறையாக உலர்ந்து, 25 வீத ஈரத்தோடு வந்த பலகையாக இருந்தால் அதே ஆவணியில் சுருக்கம் 4 மில்லிமீற்றரை நெருங்கும்.

இந்த இரண்டு எண்ணையும் நாக்கின் நீளத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாக்கு 6 மில்லிமீற்றர் என்றால், அரைகுறையாக உலர்ந்த மரம்கூட ஒரு பொருத்துக்கு 4 மில்லிமீற்றர்தான் விலகும். கோடு அகலமாக, அசிங்கமாகத் தெரியுமே தவிர வெளிச்சம் தெரியாது. உங்கள் வீட்டில் வெளிச்சம் தெரிகிறது. அதேசமயம் மற்றப் பொருத்துகள் பல இறுகிக் கிடக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது. சுருக்கம் எல்லாப் பொருத்துகளிலும் பங்கிடப்படாமல் சில பொருத்துகளில் மட்டும் திரண்டு விழுந்திருக்கிறது. நான்கு பலகைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, ஒரே அகலப் பலகைபோலச் சுருங்கினால், நான்கின் சுருக்கமும் ஓர் ஓரத்தில் வந்து சேரும்: 1.7 ஐ நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் நாக்கு காடியை விட்டு வெளியே வந்துவிடும். வெளிச்சத்தின் கணக்கு இதுதான்.

அவை எப்படி ஒட்டின? பசை போடவில்லை என்கிறீர்கள். என் ஊகம் வார்ணிஷ்மேல் விழுகிறது. பலகையை அடித்த பிறகு பூசும்போது, முதல் பூச்சு பொருத்துக்குள் ஊறிப் போய், நாக்குக்கும் காடிக்கும் இடையில் காய்ந்து இறுகுகிறது. ஆறு அங்குலப் பலகையில் அப்படி ஊறிய வார்ணிஷ் மறைவாக அடித்த மெல்லிய ஆணியைவிடப் பலமாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மரம் சுருங்கும்போது ஆணி வளைந்து கொடுக்கிறது, வார்ணிஷ் விடுவதில்லை. எங்கே பூச்சு மெல்லியதாகப் போயிருந்ததோ அங்கே பொருத்து பிளக்கிறது. மச்சான் சொல்லும் பசை வேலை உங்கள் சீலிங்கில் தெரியாமலேயே ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதே என் எண்ணம். வெளிச்சம் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இதைச் சரிபார்க்கலாம். ஏணியில் ஏறி, இறுகிக் கிடக்கும் ஒரு பொருத்தின்மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடியுங்கள். கோட்டின் குறுக்கே வார்ணிஷ் படலம் முறியாமல் பளபளவென்று தொடர்ந்து போனால் அது ஒட்டியிருக்கிறது. கோட்டின் வழியே மயிரிழை வெடிப்பு ஓடினால் அது சுதந்திரமாக அசைகிறது. அடுத்து, விலகிய பொருத்துகளுக்கு இடையில் எத்தனை பலகைகள் இருக்கின்றன என்று எண்ணி, இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். பலகைகள் கூடுதலாகத் திரண்ட இடத்தில் இடைவெளியும் கூடுதலாக இருந்தால் என் ஊகம் சரி. அப்படியில்லாமல், ஒரே ஒரு பலகையின் இரண்டு பக்கமும் விலகி, அது கையால் தள்ளினால் ஆடினால், அந்தப் பலகையின் ஆணி சட்டத்தில் ஏறாமல் வெளியே போயிருக்கும்; அது ஓடாவியாரின் கைப்பிழை, அவரே திருத்தித் தர வேண்டியது. எல்லாப் பொருத்துகளும் ஒரே சீராக 3, 4 மில்லிமீற்றர் திறந்திருந்தால் மட்டுமே மரம் உலராமல் வந்தது என்று மரக்காலைக்காரரிடம் போய் நியாயம் கேட்கலாம். உங்கள் விவரிப்பு அந்த வகையாகத் தெரியவில்லை.

ஓடாவியார் சொல்வது பெரும்பாலும் உண்மை. சுருங்கிய மரம் மாரியில் திரும்பவும் விரியும். நாக்கு காடிக்குள் நிற்கும் பொருத்துகள் எல்லாம் தாமாகவே சேரும். ஆனால் வெளிச்சம் தெரியும் அந்த இரண்டு பொருத்துகளுக்கு அவர் சொல்வது பொருந்தாது. வெளியே வந்த நாக்கு, பலகை சற்றே வளைந்திருந்தால், விரியும்போது திரும்பக் காடிக்குள் நுழையாமல் காடியின் உதட்டில் போய் முட்டும். பின்னால் நான்கு பலகைகளின் விரிவு தள்ளிக்கொண்டிருக்க, உதடு பிளந்து உதிரும், அல்லது பலகை கீழ்நோக்கித் துருத்தும். ஆகவே இந்த இரண்டையும் மழை தொடங்குவதற்கு முன், அதாவது புரட்டாதிக்குள், பார்த்துவிட வேண்டும். சீலிங் வாசலால் மேலே ஏறிப் பார்த்தால் நாக்கு எங்கே நிற்கிறது என்பது தெரியும். முதலில் இறுகியிருக்கும் பொருத்துகள் ஒவ்வொன்றின் வழியாகவும் மெல்லிய கத்தியை ஓட்டி வார்ணிஷ் படலத்தை அறுத்துவிடுங்கள். சில பொருத்துகள் அப்போதே 'டிக்' என்று சத்தமிட்டு விடும். பிறகு, விலகிய இடத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று நான்கு பலகைகளின் ஆணிகளைப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரும்பு அறுக்கும் வாளின் அலகைச் செருகி அறுத்து, பலகைகளைத் தட்டி நகர்த்தி, நாக்கைக் காடிக்குள் இறக்கித் திரும்ப ஆணி அடிக்கலாம். அப்போது இறுக்கி அடிக்க வேண்டாம். ஒவ்வொரு பொருத்திலும் ஒன்றரை மில்லிமீற்றர் விட்டு அடித்தால், மார்கழியில் அது சரியாக மூடும். இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், இரண்டு பொருத்தின் மேலும் ஓர் அங்குல ரீப்பை (மெல்லிய மரச் சட்டம்) ஒன்றை மேல்பக்கமாக வைத்து, ஒரு பலகையில் மட்டும் ஆணி அடித்து விடுங்கள்; வெளிச்சமும் தூசியும் மறையும், மற்றப் பலகை அதன் அடியில் தன்பாட்டில் அசையும். இரண்டு பலகையிலும் அடித்தால் திரும்பவும் பழைய கதைதான்.

பசையும் மரத்தூளும் குழைத்து அடைப்பதைப் பற்றி என்னிடம் இரண்டு கருத்து இல்லை. ஆவணியில் இடைவெளி அதன் முழு அகலத்தில் இருக்கிறது. அதை இறுகும் பொருளால் நிரப்பினால், மார்கழியில் விரியும் பலகைக்குப் போக இடமில்லை. பன்னிரண்டு அடி அகல மண்டபத்தில் 24 பலகைகள், 1.7 மில்லிமீற்றர் வீதம் மொத்த விரிவு 40 மில்லிமீற்றர். அடைத்த பசை நசுங்கித் துண்டு துண்டாக உதிர்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். உதிராமல் நின்றால் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு தொங்கும். மச்சான் சொல்வதற்கும் ஒரு அடிப்படை இருக்கலாம். ஒட்டுப்பலகையால் செய்த, உள்ளே படை படையாகக் குறுக்கே ஒட்டிய தளப் பலகைகளுக்கு அந்த நாடுகளில் நாக்கில் பசை போடும் வழக்கம் உண்டு. அவை ஈரத்துக்கு அசைவது மிகக் குறைவு. அதனால் அங்கே அது சரி. ஒரே கட்டையிலிருந்து அரிந்த தேக்குக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவர முடியாது.

இனி இன்னொரு அறைக்குச் சீலிங் அடிக்கும்போது செய்ய வேண்டியவற்றில் மிக முக்கியமானது, பூச்சை அடிப்பதற்கு முன்பே பூசுவது. பலகைகளை மேசைமேல் வைத்து, முகம், முதுகு, நாக்கு, காடி என்று நான்கு பக்கமும் குறைந்தது ஒரு பூச்சுப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். இதனால் மூன்று நன்மைகள். காய்ந்த பூச்சு ஒட்டாது. கோடையில் பலகை விலகும்போது நாக்கில் பூசாத மரம் வெள்ளைக் கோடாகப் பல்லிளிக்காது. வெள்ளைப் பெயின்ற் அடித்த சீலிங்கில் மஞ்சள் கோடும், கடும் நிற வார்ணிஷ் அடித்த சீலிங்கில் வெளிர்க் கோடும் தெரிவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, முதுகுப் பக்கமும் பூசியிருந்தால் மேலும் கீழும் ஒரே வேகத்தில் உலரும். கீழ்முகத்தில் மட்டும் வார்ணிஷ் இருந்து, மேல்முகம் சீற்றின் சூட்டில் வெறுமனே காய்ந்தால், பலகை மேல்நோக்கிக் குழிந்து ஓரங்கள் தூக்கும். அடித்த பிறகு பூசுவது சுத்தமாகத் தெரிகிறது, கைரேகை விழுவதில்லை என்று வேலையாட்கள் சொல்வார்கள். கடைசிப் பூச்சை அப்படிப் பூசிக்கொள்ளட்டும், மெல்லியதாக; முதல் பூச்சு மேசையில்தான்.

அகலமான பலகை பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று எல்லோரும் ஆறு அங்குலம், எட்டு அங்குலம் கேட்கிறார்கள். அசைவு அகலத்தோடு நேராகக் கூடும் என்பதை மேலே கண்டோம். நான்கு அங்குலப் பலகையில் அதே 6 வீத மாற்றம் 1.1 மில்லிமீற்றர்தான். நாக்குக்குப் போகும் மரம் வீண் என்ற கணக்கும் உண்டு. நான்கு அங்குலத்தில் 6 மில்லிமீற்றர் நாக்கு என்றால் அகலத்தில் ஏறத்தாழ 6 வீதம் உள்ளே மறைந்துபோகிறது. தேக்கின் இன்றைய விலைக்கு அது வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு வழி, இரண்டு ஓரத்திலும் காடி மட்டும் எடுத்து, மலிவான மரத்திலோ ஒட்டுப்பலகையிலோ தனியாக ஒரு நாக்குச் சீவிச் செருகுவது. வேலை கூடும், மரம் மிஞ்சும். முகத்தின் ஓரங்களைச் சாய்வாகச் சீவி, இரண்டு பலகை சேருமிடத்தில் ஒரு சிறு பள்ளம் விழும்படி செய்தால், ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் மூடினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. பழைய சீலிங்குகளில் பொருத்தின் பக்கத்தில் உருட்டுக் கோடு ஒன்று ஓடுவதும் இதே தந்திரம்தான். மட்டமாகச் சேரும் ஓரம் நமது காலநிலைக்கு ஏற்றதல்ல என்பது என் சொந்தக் கருத்து.

ஆணியை நாக்குப் பக்கத்தில், நாக்கின் மூலையிலிருந்து 45 பாகைச் சாய்வில் அடித்து, தலையைத் துருவாணியால் உள்ளே இறக்கிவிட வேண்டும். அடுத்த பலகையின் காடி அதை மறைக்கும். இதில் மறைவு என்ற அழகைவிடப் பெரிய நன்மை, ஒவ்வொரு பலகையும் ஓர் ஓரத்தில் மட்டும் பிடிபட்டிருப்பது. மற்ற ஓரத்தைப் பக்கத்துப் பலகையின் நாக்கு தாங்குகிறது, ஆனால் கட்டிவைக்கவில்லை. முகத்தின்மேல் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்தால் பலகை நடுவில் வெடிக்கும். தேக்கிலும் முதிரையிலும் சிறு துவாரம் போட்டுவிட்டு ஆணி அடிக்காவிட்டால் நாக்கே பிளந்துவிடும். சுவரோடு பலகையை முட்டவிடாமல் அரை அங்குலம் விட்டு, அதை மறைக்கும் பீடிங் என்ற மெல்லிய ஓரச் சட்டத்தைச் சுவர்ப் பக்கத்தில் மட்டும் அடிக்க வேண்டும். பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிறு, அதாவது பட்டையை அடுத்த வெளிர்நிற மரம், ஓரத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இளம் தேக்கில் வெளிறு அதிகம். வெளிறில் எடுத்த நாக்கு 4 மில்லிமீற்றர் தடிப்பில் நிற்பதால், உளுக்கும் பூச்சிக்கு முதல் உணவு அதுதான்; உள்மரமான வைரத்தில் எடுத்த நாக்குக்கு அந்தப் பயம் குறைவு. தேக்கு வாங்கக் கட்டாது என்றால் சீலிங்குக்கு மலைவேம்பு, அதாவது சிங்களத்தில் லுணுமிதெல்ல, நல்ல மாற்று. பாரம் குறைவு, சீவ இலகு. தளத்துக்கு அது ஆகாது, மிகவும் மென்மையானது.

மேல்மாடித் தளத்துக்கு இதே பொருத்தை நீங்கள் தாராளமாக நம்பலாம். சொல்லப்போனால் சீலிங்கைவிடத் தளத்துக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. நாக்கும் காடியும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பலகைமேல் கால் வைத்தால் அந்த ஒன்று மட்டும் தாழும், அடுத்த பலகையின் விளிம்பு காலில் தட்டும். நாக்கு அந்தப் பாரத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துவிடுகிறது. சீவி முடித்த தடிப்பு 20 மில்லிமீற்றர் இருந்தால் விட்டங்களை 16 முதல் 18 அங்குல இடைவெளியில் வையுங்கள். பாலை விட்டம் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. பலகைகள் நெட்டுவாக்கில் சேருமிடம் எப்போதும் விட்டத்தின் மேலேயே விழ வேண்டும், அடுத்தடுத்த வரிசைகளில் அந்தச் சேர்மானம் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. இரும்பு வளைமேல் தளம் என்றால், முதலில் மரச் சட்டத்தைப் போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் ஆணி அடிக்க வேண்டும்.

தளத்தில் ஆபத்து சீலிங்குக்கு நேர்மாறான பருவத்தில் வருகிறது. கச்சான் காலத்தில் நன்றாகக் காய்ந்த பலகையைக் கெட்டித்து அடித்து, நான்கு சுவரோடும் முட்டவிட்டால், கார்த்திகை, மார்கழியில் தளம் நடுவில் முதுகு கொடுக்கும். பத்து அடி அகல அறை, 3 மீற்றர். 6 வீத ஈரம் ஏறினால் மொத்த விரிவு 33 மில்லிமீற்றர். இரு சுவரோரமும் 12 மில்லிமீற்றர் விட்டாலும் 24 தான் ஆகிறது. மிச்சம் 9 மில்லிமீற்றரைப் பொருத்துகளில்தான் விட வேண்டும். நான்கு அங்குலப் பலகை 30 என்றால் ஒரு பொருத்துக்கு 0.3 மில்லிமீற்றர், விளையாட்டுக் கடதாசி ஒன்றின் தடிப்பு. அடிக்கும்போது பொருத்தில் கடதாசித் துண்டைச் செருகி வைத்து அடித்துவிட்டு உருவினால் போதும். தையில் அடிப்பதானால் கடதாசி வேண்டாம், இறுக்கியே அடிக்கலாம், கோடையில் கோடு தெரியும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் பங்குனி, சித்திரையில் அடிக்கச் சொல்வேன்; அப்போது மரம் இரண்டு எல்லைக்கும் நடுவில் நிற்கும், இருபக்க அசைவும் பாதியாகும். நடக்கும்போது கிறீச்சிடும் தளத்தில் நாக்கும் காடியும் உரசுகின்றன. அடிக்கும் முன் நாக்கில் மெழுகுதிரியால் ஒரு கோடு இழுத்துவிட்டால் பெரும்பாலும் அது வராது.

பிளாஸ்டிக் பனலும் லெமினேற்றும் இதே பொருத்தின் வேறு வடிவங்கள்தான். பிளாஸ்டிக் ஈரத்துக்கு அசையாது என்பது உண்மை. ஆனால் சூட்டுக்கு நீளவாக்கில் நீளும். 4 மீற்றர் பனல், சீற்றுக்குக் கீழே 20 பாகை சூடு ஏறினால் 5 மில்லிமீற்றருக்கு மேல் நீளும். முனையில் இடம் விடாமல் வெட்டிச் செருகிய பனல்கள்தான் அலை அலையாகத் தொங்குகின்றன. கடகடவென்று கவ்வும் லெமினேற் தளம் 1990களில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. ஆணியும் பசையும் இல்லாமல் முழுத் தளமும் மிதந்து அசையும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திய பலகை என்பதால், யன்னலால் தூவானம் அடிக்கும் அறைக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒருமுறை ஊறிய ஓரம் திரும்ப இறங்காது. தேக்கு ஊறினால் காய்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும்.

மேல்மாடிக்கு மரம் எடுத்ததும், அடிக்கவிருக்கும் அறையிலேயே ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் குச்சி வைத்து, காற்றோட்டமாக மூன்று நான்கு வாரம் அடுக்கி வையுங்கள். அரிந்து கனகாலம் ஆகாத ஓர் அங்குலப் பலகையென்றால் நிழலில் மூன்று நான்கு மாதம் தேவைப்படும். ஈரமானி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். 12 முதல் 14 வீதம் காட்டினால் அடிக்கலாம். இல்லாவிட்டால் வீட்டிலேயே அறியலாம். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டை வெட்டி, உடனே சமையலறைத் தராசில் நிறுத்து, 'அவன்' (oven) அடுப்பில் 100 பாகைக்குச் சற்று மேலே வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்தி, திரும்ப நிறுங்கள். ஈரத்துண்டு 260 கிராம், உலர்ந்த துண்டு 226 கிராம் என்றால், குறைந்த 34 கிராமை 226 ஆல் வகுத்தால் 15 வீதம். இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாம். முனையிலேயே வெட்டினால் பிழையான விடை வரும், முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும்.

ஆணியைப் பற்றி ஒன்று. களுவாஞ்சிகுடியில் உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட என்று நீங்கள் எழுதவில்லை. உப்புக் காற்றுப் படும் இடத்தில் சாதாரண இரும்பு ஆணி சில வருடங்களில் துருவேறி, தேக்கைச் சுற்றிக் கறுப்புக் கறை விடும், பிடியும் போகும். கல்வனைஸ் ஆணியோ துருப்பிடிக்காத உருக்கு ஆணியோ வாங்குங்கள். 20 மில்லிமீற்றர் தளப் பலகைக்கு 50 மில்லிமீற்றர் நீளம் போதும், சீலிங்கின் 12 மில்லிமீற்றர் பலகைக்கு 30 முதல் 35. சீலிங்கைத் திருத்தும்போதும் அறுத்த பழைய ஆணிக்குப் பதிலாக இவற்றையே போடச் சொல்லுங்கள். விலகிய பொருத்துகளை அளந்து, இடையிலுள்ள பலகைகளின் எண்ணிக்கையோடு எழுதினால், என் ஊகம் சரியா என்று சேர்ந்து பார்க்கலாம்.